புது ஊர், புதுப் பங்கு: குடும்ப அட்டை முதல் அன்பியம் வரை

தெற்கிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ ஓசூருக்கோ வரும் கத்தோலிக்கக் குடும்பங்கள் முதல் வாரமே பூசைக்குப் போய்விடுகின்றன. பங்கில், அதாவது ஒரு கோயிலின் எல்லைக்குள் வாழும் கத்தோலிக்கச் சமூகத்தில், சேரத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது. ஞாயிறு காலை வந்து, கடைசி ஆசீர் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், எத்தனை வருஷமானாலும் அந்தக் கோயிலில் ஒருவருக்கும் நம் பெயர் தெரியாது. பிள்ளைக்குப் புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்குவது), தங்கைக்குக் கல்யாணம், வீட்டில் பெரியவர் ஒருவரின் மரணம் என்று ஏதாவது வந்து நிற்கும்போதுதான் "நீங்க எந்த அன்பியம்?" (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழுதான் அன்பியம்) என்ற கேள்வியை எதிர்கொள்கிறோம். பதில் தெரியாமல் அலுவலக வாசலில் நிற்பது மனதுக்கு மிகவும் கஷ்டமான விஷயம்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தாம்பரம் பக்கம் வந்தவர்கள். என் வீட்டுக்காரருடைய ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றுக்காகவே மாதக்கணக்கில் அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தேவை வருவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிதான்.

1. உங்கள் பங்கு எது என்று கண்டுபிடியுங்கள்

பிடித்த கோயிலில் பூசை பார்க்கலாம். ஆனால் பங்கு என்பது நாம் குடியிருக்கும் தெருவை வைத்து முடிவாவது. ஒரே சாலையின் இந்தப் பக்கம் ஒரு பங்கு, அந்தப் பக்கம் வேறு பங்கு என்று இருக்கும். அருகிலுள்ள கோயில் அலுவலகத்தில் தெருப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பங்கு அது இல்லையென்றால் எது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சென்னைக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டியது: மாநகரம் ஒன்றுதான், மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி) ஒன்றல்ல. சாந்தோம் பேராலயம் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். தெற்குப் புறநகர்ப் பகுதிகள் 2002-இல் தனியாகப் பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் வருகின்றன. பரங்கிமலை புனித தோமையார் திருத்தலமும் அதில்தான் இருக்கிறது. ஆயர் இல்லத்திலிருந்து ஏதாவது கடிதம் வாங்க வேண்டியிருந்தால், எந்த ஆயர் இல்லம் என்று முதலில் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். ஊர்ப் பக்கத்திலும் இப்படிப் பிரிவினைகள் உண்டு. குழித்துறை மறைமாவட்டம் 2014-இல் கோட்டாறிலிருந்து பிரிந்தது. பழைய சான்றிதழில் கோட்டாறு என்று இருந்தாலும், விண்ணப்பிக்கும்போது உங்கள் ஊர் இப்போது எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

சீரோ மலபார், சீரோ மலங்கரா (கேரளத்தில் வேர்கொண்ட, தனி வழிபாட்டு முறை உள்ள கத்தோலிக்கத் திருச்சபைகள்) குடும்பங்களுக்குத் தனி ஏற்பாடு. தமிழ்நாட்டில் பெரும்பாலான கத்தோலிக்கர் போகும் இலத்தீன் முறைக் கோயிலில் பூசைக்குப் போகத் தடை எதுவும் இல்லை. ஆனால் ஞானஸ்நானம், திருமணம் போன்றவற்றின் பதிவு உங்கள் வழிபாட்டு முறைத் திருச்சபையோடு தொடர்புடையது. ஆரம்பத்திலேயே ஃபாதரிடம் சொல்லிவிடுங்கள்.

வாடகை வீடுதானே, ஹாஸ்டல்தானே என்று தயங்க வேண்டாம். ஓர் இடத்தில் மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்திருந்தால், திருச்சபைச் சட்டப்படி அந்தப் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தைதான்.

இன்னொன்று. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில், செவ்வாய்க்கிழமைகளில் பாரிமுனை அந்தோணியார் கோயில் என்று திருத்தலங்களுக்கு மட்டும் போய் வரும் குடும்பங்கள் நிறைய. வேண்டுதலுக்குப் போங்கள், நானும் போகிறேன். ஆனால் அத்தனை கூட்டத்தில் உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளப் போவதில்லை. ஊரிலிருந்து அம்மா வந்து காய்ச்சலில் படுத்தால் நற்கருணை கொண்டுவரப்போவது சொந்தப் பங்குதான்.

2. ஊரை விட்டுக் கிளம்பும் முன் எடுக்க வேண்டிய தாள்கள்

ஊரில் இருக்கும்போது அரை நாளில் முடிகிற வேலை இது. வந்த பிறகு செய்தால் போன், கூரியர், "ஃபாதர் வெளியே போயிருக்காங்க", "அடுத்த வாரம் கூப்பிடுங்க" என்று இழுக்கும். எடுக்க வேண்டியவை:

- வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ்
- புதுநன்மை, உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றவர்களுக்கு அவற்றின் சான்று
- கோயிலில் நடந்த திருமணத்தின் சான்றிதழ்
- பழைய பங்கின் குடும்ப அட்டை (ரேஷன் அட்டை அல்ல, குடும்பத்தைப் பதிந்து பங்கு தரும் அட்டை), அல்லது அதன் நகல்
- "இந்தக் குடும்பம் எங்கள் பங்கைச் சேர்ந்தது, இன்ன ஊருக்குக் குடிபெயர்கிறது" என்று பங்குத்தந்தை எழுதித் தரும் கடிதம்
- மறைக்கல்வி (கோயிலில் நடக்கும் ஞானோபதேச வகுப்பு) படிக்கும் பிள்ளைகளுக்கு, எந்த வகுப்பு வரை முடித்தார்கள் என்ற சான்று

சிக்கல் ஞானஸ்நானச் சான்றிதழில்தான் வரும். நம் ஊர்களில் பிரசவம் தாய் வீட்டில். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். பதிவேடு எந்தக் கோயிலில் இருக்கிறதோ அந்தக் கோயில் மட்டுமே சான்றிதழ் தர முடியும். அப்பா ஊர்க் கோயிலில் போய்க் கேட்டால் கிடைக்காது. அதனால் யாருக்கு எந்தக் கோயிலில், எந்த ஆண்டில் என்று முதலில் பாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறந்த தேதியும் ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்றவர்கள்) பெயரும் சொன்னால் பதிவேட்டில் தேடிவிடலாம்.

அடுத்தது பெயர். பதிவேட்டில் 'மரிய அந்தோணி', ஆதாரில் 'ஆன்டனி ராஜ்' என்று இருக்கும். அப்பா பெயரில் முதல் எழுத்து மாறியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு நடந்தது இதுதான். ஓர் அலுவலகத்தில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், இன்னோர் அலுவலகத்தில் பதிவேட்டில் உள்ளதை மாற்ற முடியாது என்றார்கள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். கடைசியில் உதவியது, ஞானஸ்நானம் நடந்த பங்கின் பங்குத்தந்தை தன் முத்திரையுடன் கொடுத்த ஒரு கடிதம்: பதிவேட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நான்கே வரி. பெயர் வேறுபாடு இருப்பது தெரிந்தால், சான்றிதழ் வாங்கும் அன்றே ஆதார் நகலைக் கொடுத்து அந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அசல்களை லேமினேட் செய்ய வேண்டாம். பின்னால் அதில் கையெழுத்தோ முத்திரையோ வைக்க வேண்டியிருந்தால் முடியாமல் போகும்.

3. பங்கு அலுவலகத்துக்கு எப்போது போவது

ஞாயிறு பூசை முடிந்த உடனே ஃபாதரைப் பிடிக்க நினைக்காதீர்கள். அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். உங்கள் பெயரைக் கேட்பார், சிரிப்பார், அடுத்த நிமிஷம் வேறொருவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். வாரநாளில் அலுவலக நேரத்தில் போங்கள். பல பங்குகளில் திங்கட்கிழமை அலுவலகம் இருக்காது, அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். தவக்காலத்தின் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) கடைசி இரண்டு வாரம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், பங்குத் திருவிழாவின் பத்து நாள்கள், பள்ளிச் சேர்க்கை நடக்கும் மாதங்கள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

முடிந்தால் குடும்பமாகப் போங்கள். மேலே சொன்ன சான்றிதழ்களின் நகல், ஆதார், வாடகை ஒப்பந்தம் அல்லது வேறு முகவரிச் சான்று, ஒரு குடும்பப் புகைப்படம் இருந்தால் போதும். படிவத்தில் உங்கள் வேலை, படிப்பு, பிள்ளைகளின் வகுப்பு, ரத்தப் பிரிவு வரை கேட்பார்கள். விட்டுவிடாமல் நிரப்புங்கள். பங்கில் யாருக்காவது அவசரமாக ரத்தம் தேவைப்பட்டால் அந்தப் படிவத்தைத்தான் புரட்டுவார்கள்.

கிளம்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். குடும்ப அட்டை எண் எப்போது கிடைக்கும்? எங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது? அந்த அன்பியத் தலைவரின் போன் எண் என்ன? கடைசியாகக் கேட்ட அந்தப் போன் எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். "அவங்களே உங்களைக் கூப்பிடுவாங்க" என்று சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு மந்திரிக்க, அதாவது ஜெபித்து ஆசீர்வதிக்க, ஃபாதரை அழைக்க நினைத்தால் அப்போதே நாள் கேட்டுவிடுங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்தால், அதற்குப் பிறகு கோயிலில் பார்க்கும்போது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதே தெருவில் இருக்கும் இரண்டு அன்பியக் குடும்பங்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். காப்பியும் பிஸ்கட்டும் போதும்.

4. பணம் எவ்வளவு ஆகும்

பதிவு செய்யப் பெரிய செலவு இல்லை. மாதச் சந்தா உண்டு. பங்குக்குப் பங்கு மாறும். நான் பார்த்த இடங்களில் ஐம்பது ரூபாயிலிருந்து இருநூறு ரூபாய் வரை. இதைத் தவறாமல் கட்டிவாருங்கள், ரசீதைக் குடும்ப அட்டைக்குள்ளேயே வையுங்கள். புதிதாக வருபவர்களிடம் சில இடங்களில் கோயில் கட்டட நிதி என்றும் கேட்பார்கள். முடிந்ததைக் கொடுங்கள், தவணையாகத் தருகிறேன் என்று சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

பூசைக் கருத்துக்கும் (ஒரு வேண்டுதலுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்வது) சான்றிதழுக்கும் என்ன காணிக்கை என்று அலுவலகத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 848-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: குறிக்கப்பட்ட காணிக்கையைத் தவிர வேறு எதையும் கேட்கலாகாது, ஏழ்மையின் காரணமாக யாருக்கும் அருளடையாளங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை, திருமணம் போன்றவை) கிடைக்காமல் போய்விடக் கூடாது. சந்தா பாக்கி இருக்கிறது என்று பயந்து கோயிலுக்கே வராமல் இருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். நேராக ஃபாதரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள்.

5. அன்பியம்: இங்கேதான் சேர்கிறோம்

மற்ற எல்லாப் படிகளும் தாள் வேலை. உறவு பிறப்பது அன்பியத்தில்.

இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். வாரம் ஒருமுறையோ மாதம் இருமுறையோ ஒவ்வொரு வீடாகக் கூட்டம் நடக்கும். முதல்முறை போகிறவர்களுக்குத் தயக்கம் இருக்கும் என்பதால் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மாலை ஏழு மணி என்றால் ஏழேகாலுக்குத்தான் ஆள் சேரும். கதவுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடக்கும், வீடு எது என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருப்பார்கள். ஸ்டூலில் வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, திறந்த விவிலியம். ஒரு பாட்டு, ஒரு வாசகம், அதில் மனதைத் தொட்ட வரியை ஆளுக்கொருவராகச் சொல்வது, பிறகு மன்றாட்டு. கடைசியில் சுண்டலோ வடையோ, டீ. மொத்தம் ஒரு மணி நேரம்.

மன்றாட்டு நேரத்தில் உங்கள் முறை வரும்போது, ஊரிலிருந்து வந்திருக்கிறோம், வேலை இன்னும் சரியாக அமையவில்லை என்று இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள். எங்களுக்கு வீட்டருகே நல்ல குழந்தை மருத்துவர் யார், எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்பதெல்லாம் அந்த மன்றாட்டுக்குப் பிறகு, டீ குடிக்கும்போதுதான் தெரியவந்தது. ஜெபத்தில் கேட்ட ஒரு விஷயத்தை அடுத்த வாரம் நினைவு வைத்து "சரியாச்சா?" என்று ஒருவர் விசாரிக்கும்போது வரும் தெம்பு வேறு எதிலும் கிடைக்காது.

தொடர்ந்து நான்கைந்து கூட்டங்களுக்காவது போங்கள். முதல் கூட்டத்தில் எல்லாரும் அவர்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் சுவரோரம் உட்கார்ந்திருப்பீர்கள். அதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். சீக்கிரமே உங்கள் வீட்டில் ஒரு கூட்டம் வைக்கக் கேளுங்கள். வீடு சின்னது என்ற கவலையே வேண்டாம். ஒற்றை அறை வீட்டில், கட்டிலிலும் வாசல்படியிலும் உட்கார்ந்து நடந்த கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "எந்த ஊரு?" என்ற கேள்விக்குப் பின்னால் "ஊர்ல எந்தத் தெரு?", "கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று கேள்விகள் வந்தால் அது எங்கே போகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். சாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்வி அது. பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு பேச்சை மாற்றுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் அன்பியத் தலைவரிடமோ ஃபாதரிடமோ சொல்லுங்கள். ஒருவர் கேட்டார் என்பதற்காக விலகிவிடாதீர்கள். அந்த அன்பியம் கேட்டவருக்கு எவ்வளவு சொந்தமோ உங்களுக்கும் அவ்வளவு சொந்தம்.

6. பிள்ளைகளை மறைக்கல்வியில் சேர்ப்பது

வகுப்புகள் பெரும்பாலும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டித் தொடங்கும். ஞாயிறு பிள்ளைகள் பூசைக்கு முன்போ பின்போ நடக்கும். புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் வகுப்பு வருகையைப் பார்ப்பார்கள். நடு ஆண்டில் வந்தால், பழைய பங்கின் சான்றைக் காட்டி உடனே சேர்த்துவிடுங்கள். "அடுத்த ஜூன்ல பாத்துக்கலாம்" என்று விட்டால் புதுநன்மை ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

பிள்ளைகள் நம்மைவிட வேகமாகச் சேர்ந்துவிடுவார்கள். பையனோ பெண்ணோ பூசையில் ஃபாதருக்கு உதவும் பீடப் பணியில் சேர விரும்பினால் தடுக்காதீர்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கில் நாமும் மற்றப் பெற்றோர்களோடு பழகுவோம்.

7. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

பாடகர் குழு, வாசகம் வாசிப்பது, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை, மாதா பக்தி இயக்கமான மரியாயின் சேனை, இளையோர் இயக்கம் என்று ஏராளமாக இருக்கும். எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் காணாமல் போக வேண்டாம். ஒன்று போதும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது, சனிக்கிழமை மாலை கோயில் சுத்தம் செய்யப் போங்கள். அங்கே பேசத் தெரிய வேண்டும் என்றில்லை. துடைப்பம் எடுத்தால் போதும், பேச்சு தானாக வரும். பங்குத் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஓர் அன்பியத்தின் பொறுப்பில் இருக்கும். உங்கள் அன்பியத்தின் நாளுக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

8. ஞானஸ்நானமும் திருமணமும்: காலக்கணக்கு

குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் கோயில் திருமணச் சான்றிதழ், குடும்ப அட்டை கேட்பார்கள். ஞானப்பெற்றோர் பொதுவாக 16 வயது நிரம்பியவராக, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். ஒருவர் இருந்தாலே போதும், இருவரும் ஊரிலிருந்து வந்தாக வேண்டும் என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டாம். தாய் ஊரில்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இங்கிருந்து ஓர் அனுமதிக் கடிதம் கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் அந்தச் சான்றிதழைக் காட்டிக் குழந்தையின் பெயரைக் குடும்ப அட்டையில் ஏற்றிவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். பள்ளிச் சேர்க்கைக்குப் பங்குத்தந்தையின் கடிதம் கேட்கும்போது அட்டையில் குழந்தையே இருக்காது.

திருமணத்துக்கு குறைந்தது நான்கு மாதம் முன்பே அலுவலகத்தில் பேசுங்கள். புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், வீட்டில் இருக்கும் பழைய தாள் செல்லாது. காரணம், உறுதிபூசுதலும் திருமணமும் ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே குறிக்கப்படும். புதிய சான்றிதழில்தான் அந்தக் குறிப்புகள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியும். திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கு இரண்டு மூன்று நாள் போக வேண்டும், முன்பதிவு தேவை. மணமகன், மணமகள் இருவரின் பங்குகளிலும் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். தவக்காலத்திலும் திருவருகைக்காலத்திலும் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய தயாரிப்புக் காலம்) பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் கோயிலில் தேதி வாங்குங்கள்.

மரண வீட்டுக்கும் இதே அட்டைதான். கல்லறைக்குப் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். அந்த நேரத்தில் ஒரு போன் செய்தால் அன்பியமே வந்து நிற்கும். பந்தல், பாட்டு, ஜெபமாலை, வருகிறவர்களுக்கு டீ எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஊரிலிருந்து உறவினர்கள் வந்துசேர ஒரு ராத்திரி ஆகும்.

9. ஏற்கெனவே பங்கில் இருப்பவர்களுக்கு

இதைப் படிக்கிறவர்களில் அன்பியத் தலைவர்களும் பங்குப் பேரவை உறுப்பினர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். தெருவில் லாரியிலிருந்து சாமான் இறங்கி, அதில் மாதா படமோ திரு இருதய படமோ தெரிந்தால், அந்த வாரமே போய்க் கதவைத் தட்டுங்கள். பூசை நேரம், அலுவலக நேரம், உங்கள் போன் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் கூட்டத்துக்கு நீங்களே வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள், உங்கள் பக்கத்திலேயே உட்காரவையுங்கள். புதியவரிடம் சந்தாவைப் பற்றி முதல் நாளே பேச வேண்டாம். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் தனிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்பம் இல்லாததால் அவர்களுக்கு அட்டை இல்லை, அட்டை இல்லாததால் அவர்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஹாஸ்டல் மெஸ் மூடியிருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று சாப்பிடக் கூப்பிடலாம்.

10. மறுபடி வீடு மாறும்போது

சொல்லாமல் போய்விடாதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன் அலுவலகத்தில் சொல்லி, சந்தா பாக்கியை முடித்து, மாற்றுக் கடிதமும் பிள்ளைகளின் மறைக்கல்விச் சான்றும் வாங்குங்கள். இங்கே புதுநன்மையோ உறுதிபூசுதலோ பெற்ற பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். உறுதிபூசுதல் விவரம் ஞானஸ்நானம் நடந்த கோயிலுக்கு அனுப்பப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் ஒரு கடிதம் வாங்கி, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே கொடுத்துப் பதியச் சொல்லுங்கள்.